உருகுவே சட்டையில் நான்கு நட்சத்திரம்: இரண்டு அதிகமா?

உருகுவே கால்பந்து அணியின் வானநீலச் சட்டையில், சங்கச் சின்னத்துக்கு மேல் நான்கு நட்சத்திரங்கள் இருக்கும். அந்த அணி உலகக் கோப்பையை வென்றதோ இரண்டே முறை, 1930இலும் 1950இலும். மிச்ச இரண்டும் 1924 பாரிஸ், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குகளில் வாங்கிய தங்கத்துக்காகக் குத்திக்கொண்டவை. அவற்றை எடுத்துவிடும்படி சட்டை தயாரிக்கும் நிறுவனத்திடம் ஃபிஃபா கேட்டிருக்கிறது என்று 2021இல் செய்தி வந்தபோது உருகுவேயில் பெரிய கொந்தளிப்பு. அந்நாட்டுச் சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. 2022 கத்தார் உலகக் கோப்பையிலும் நான்கு நட்சத்திரங்களோடுதான் அணி களமிறங்கியது.

வெறும் துணிச் சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1930இல் உலகக் கோப்பை பிறப்பதற்கு முன், கண்டம் விட்டுக் கண்டம் வந்து நாடுகள் கால்பந்து ஆடிய பெரிய மேடை ஒலிம்பிக் ஒன்றுதான். அதன் பதிவேட்டைப் புரட்டினால் 1900, 1908, 1912 பிரிட்டன், 1904 கனடா, 1920 பெல்ஜியம், 1924, 1928 உருகுவே என்று ஏழு தங்கங்கள் வரிசையாக நிற்கின்றன. பதிவேட்டில் ஏழுக்கும் ஒரே மதிப்பு. நிறுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு எடை.

நிறுக்க வேண்டுமானால் முதலில் படிக்கல்லைச் சொல்லிவிட வேண்டும். ஒரு போட்டியை உலகச் சாம்பியன்ஷிப் என்று ஒப்புக்கொள்ள நான் கேட்பவை மூன்று. வலுவான நாடுகள் வந்தனவா, வந்தவை தங்கள் முதல்தர அணியைக் கூட்டிவந்தனவா? முடிவு ஆடுகளத்தில் வந்ததா, அல்லது குழு அறையில் வந்ததா? வென்ற அணியின் பலம் அதே காலத்து மற்ற ஆட்டங்களிலும் தெரிகிறதா? அந்தப் போட்டியை நடத்தியவர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். உருகுவேக்காரர்கள் அதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். அவர்கள் வழக்கிலேயே பலவீனமான இடம் அதுதான் என்பது என் கருத்து.

முதல் இரண்டு தங்கங்களில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் ஒட்டுவாலாக வின்சென் சைக்கிள் மைதானத்தில் நடந்தவை இரண்டே ஆட்டங்கள். அப்டன் பார்க் என்ற லண்டன் கிளப், பிரெஞ்சு அணியை 4-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து அதே பிரெஞ்சு அணி பெல்ஜிய மாணவர் அணியை 6-2 என்று வென்றது. பிரிட்டனும் பெல்ஜியமும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ஆனாலும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பின்னாளில் எழுதிவைத்துவிட்டார்கள். 1904 செயின்ட் லூயிஸில் இன்னும் மோசம். கனடாவிலிருந்து கால்ட் என்ற ஊரின் கிளப் வந்தது. எதிரில் நின்றவை ஒரு உள்ளூர்க் கல்லூரியும் ஒரு உள்ளூர்த் தேவாலயப் பங்கும். 7-0, 4-0, தங்கம். ஊர்த் திருவிழாவில் பக்கத்து ஊர்க் கபடிக் குழு வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

1906 ஏதென்ஸ் இடைக்கால விளையாட்டை ஒலிம்பிக் குழுவே இன்று கணக்கில் சேர்ப்பதில்லை. இருந்தாலும் அந்த இறுதிப் போட்டியைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. டென்மார்க்குக்கு எதிராக ஏதென்ஸ் அணி இடைவேளையில் 9-0 என்று பின்தங்கியது. இரண்டாம் பாதிக்கு வரவே இல்லை. சரி, இரண்டாம் இடத்துக்காவது ஆடுங்கள் என்றபோது அதற்கும் மறுத்தது, விலக்கப்பட்டது. வெள்ளி போய்ச் சேர்ந்தது ஸ்மிர்னா அணிக்கு. அந்த அணியில் விட்டால் என்ற ஒரே வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஆடினார்கள்.

1908 லண்டனில்தான் விஷயம் கால்பந்துப் போட்டி என்ற உருவத்துக்கு வருகிறது. பொறுப்பை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே எடுத்துக்கொண்டது. ஒயிட் சிட்டி மைதானம், ஒழுங்கான நடுவர்கள், நாட்டின் பெயரில் இறங்கும் அணிகள். டென்மார்க் நிஜமாகவே நல்ல அணி. பின்னாளில் பெயர்பெற்ற கணித மேதையான ஹரால்ட் போர், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தம்பி, அதன் நடுக்களத்தில் ஆடினார். சோஃபுஸ் நீல்சன் ஒரே ஆட்டத்தில் பத்து கோல் அடித்தார். பிரான்ஸின் முதல் அணியை டென்மார்க் அன்று வெளுத்து வாங்கிய கணக்கு 17-1. இறுதிப் போட்டியில் டென்மார்க்கை பிரிட்டன் 2-0 என்று வென்றது.

ஆனால் ஆறு அணிகளின் பட்டியலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆறில் இரண்டு பிரான்ஸிலிருந்தே வந்தவை. ஹங்கேரியும் பொஹீமியாவும் வராததால் நெதர்லாந்தும் பிரான்ஸின் முதல் அணியும் பந்தைத் தொடாமலே அரையிறுதியில் நின்றன. பதினேழு கோல் வாங்கிய பிரெஞ்சுக்காரர்கள் வெண்கலத்துக்கு ஆட மனமின்றி மறுத்துவிட்டார்கள். அவர்கள் இடத்தில் ஸ்வீடனைக் கூப்பிட்டார்கள். ஸ்வீடன் அதுவரை ஆடியது ஒரே ஆட்டம், அதில் பிரிட்டனிடம் தோற்றது 12-1 என்று. ஒரே ஆட்டம் ஆடி அதில் பன்னிரண்டு கோல் வாங்கிய அணி உலகின் மூன்றாம் இடத்துக்கு மோதியது. ஒப்புக்குச் சப்பாணி என்று நம் பிள்ளைகள் ஆட்டத்தில் ஒரு ஏற்பாடு உண்டு, அதுதான் இது.

அதைவிடப் பெரிய குறை வென்றவர்களிடம் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தின் முதல்தர அணி தொழில்முறை ஆட்டக்காரர்களின் அணி. ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்பு, 1908 ஜூனில், அந்த அணி மத்திய ஐரோப்பாவுக்குப் போய் வியன்னாவில் ஆஸ்திரியாவை 6-1, 11-1 என்றும், ஹங்கேரியை 7-0 என்றும், பொஹீமியாவை 4-0 என்றும் புரட்டி எடுத்துவிட்டு வந்திருந்தது. ஒலிம்பிக்கில் இறங்கியது அமெச்சூர் அணி. கேப்டன் விவியன் உட்வர்ட் போன்ற ஒரு சிலரே இரண்டு அணியிலும் ஆடத் தகுந்த ஆட்கள். சாம்பியன் பட்டம் வாங்கிய அணி தன் நாட்டிலேயே இரண்டாம்தர அணி என்றால், அந்தப் பட்டத்தை உலகப் பட்டம் என்று சொல்ல நா எழவில்லை. பிரிட்டனும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது அவர்களுக்குப் பெருமை.

1912 ஸ்டாக்ஹோமும் அதே கதை, கொஞ்சம் பெரிய அளவில். பதினோரு அணிகள், பதினொன்றும் ஐரோப்பா. இறுதிப் போட்டியில் டென்மார்க்கின் புக்வால்ட் காயம்பட்டு வெளியேற, மாற்று ஆள் இறக்க வழியில்லாத அந்தக் காலத்தில் பத்துப் பேரோடு ஆடி 4-2 என்று தோற்றது. முதலில் தோற்றவர்களுக்கான ஆறுதல் சுற்றில் ஜெர்மனியின் காட்ஃப்ரீட் ஃபுக்ஸ் ரஷ்யாவுக்கு எதிராகப் பத்து கோல் அடித்தார். பார்க்க நன்றாக இருந்திருக்கும். உலகச் சாம்பியன்ஷிப் ஆகாது.

அடுத்து 1920 ஆண்ட்வெர்ப். இங்கேதான் உருகுவேயின் வழக்குக்கு ஒரு பொறி காத்திருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். பதினான்கு அணிகள் ஆடின. ஆப்பிரிக்காவிலிருந்து முதன்முறையாக எகிப்து வந்தது. நார்வே 3-1 என்று பிரிட்டனை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியது. ஸ்பெயினின் வலைக்கு முன்னால் ஸமோரா என்ற இளைஞன் நின்றான். பின்னாளில் ஐரோப்பாவே பேசிய கோல்கீப்பர் அவர். செக்கோஸ்லோவாக்கியா மூன்று ஆட்டங்களில் பதினைந்து கோல் அடித்து இறுதிக்கு வந்தது.

செப்டம்பர் 2ஆம் தேதி நடந்த அந்த இறுதிப் போட்டி இடைவேளை வரைகூடப் போகவில்லை. நடுவர் ஜான் லூயிஸ், அறுபதைத் தாண்டிய ஆங்கிலேயர். ஆறாவது நிமிடத்தில் பெல்ஜியத்துக்கு பெனால்டி, கோல். முப்பதாவது நிமிடத்தில் இரண்டாவது கோல். இரண்டையும் செக் அணி ஏற்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தை நெருங்கும்போது ஸ்டைனர் என்ற செக் ஆட்டக்காரரை நடுவர் வெளியே அனுப்பினார். பின்னாலேயே மொத்த அணியும் வெளியேறியது. சொந்த மண்ணின் கூட்டம் ஆடுகளத்துக்குள் இறங்கிக் கொண்டாடியது. நடுவர் ஒருதலையாக நடந்தார், மைதானத்தைச் சுற்றி நின்ற பெல்ஜியப் படைவீரர்கள் தங்களை மிரட்சியில் வைத்திருந்தார்கள் என்று செக் அணி கொடுத்த மனு தள்ளுபடியானது. அணியையும் விலக்கினார்கள். அதற்குப் பிறகு வெள்ளி யாருக்கு என்று தீர்க்கத் தோற்ற அணிகளைக் கூட்டி ஒரு தனிச் சுற்று. அதற்குள் பிரான்ஸ் ஊருக்குப் போய்விட்டிருந்தது. கடைசியில் காலிறுதியில் பெல்ஜியத்திடம் தோற்ற ஸ்பெயினுக்கு வெள்ளி கிடைத்தது. முடிவு ஆடுகளத்தில் வந்ததா என்ற கேள்விக்கு 1920 தரும் பதில் இவ்வளவுதான்.

பொறி எது என்று சொல்கிறேன். உருகுவே தரப்பு வழக்கமாகக் காட்டும் ஆவணம் 1914இல் கிறிஸ்டியானியாவில், இன்றைய ஆஸ்லோவில், கூடிய ஃபிஃபா மாநாட்டின் தீர்மானம். ஒலிம்பிக் கால்பந்து ஃபிஃபாவின் விதிகளின்படி நடந்தால் அதை அமெச்சூர்களின் உலகச் சாம்பியன்ஷிப்பாக ஏற்கலாம் என்பது அதன் சாரம். ஆவணம் உண்மைதான். ஆனால் அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு நடந்த முதல் ஒலிம்பிக் 1924 அல்ல, 1920. தீர்மானமே ஆதாரம் என்றால் பாதியில் நின்ற ஆட்டத்தால் பட்டம் பெற்ற பெல்ஜியத்துக்கும் ஒரு நட்சத்திரம் தைத்தாக வேண்டும். விதிகளின்படி என்ற நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு 1920ஐ வெட்டிவிட்டு 1924ஐ மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அது வக்கீல் வாதம். தவிர, அந்தத் தீர்மானத்திலேயே ‘அமெச்சூர்’ என்ற தளை இருக்கிறது. அதைக் கையில் எடுப்பவர் தன் பட்டத்துக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்கிறார். பட்டத்தைத் தாளில் தேடினால் உருகுவேக்குக் கிடைப்பது அரைப்பட்டம். ஆடுகளத்தில் தேடினால் முழுதும் கிடைக்கும்.

1924இல் பாரிஸுக்கு வந்து ஆடிய அணிகள் இருபத்திரண்டு. இந்த எண்ணை 1930 உலகக் கோப்பையின் பதின்மூன்றோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். இத்தாலி, ஸ்பெயின், ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, ஸ்வீடன், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், பெல்ஜியம், யூகோஸ்லாவியா எல்லாம் வந்தன. இவற்றில் பல நாடுகளில் அப்போது தொழில்முறைக் கால்பந்து சட்டபூர்வமாக வரவில்லை. மத்திய ஐரோப்பாவில் ஆஸ்திரியா மட்டும் அந்த ஆண்டு மாறியது, செக்கோஸ்லோவாக்கியா 1925இல், ஹங்கேரி 1926இல். ஆகவே 1908 பிரிட்டனைப் போல இரண்டாம்தர அணியை அனுப்ப வேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இல்லை. சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் தாளில் அமெச்சூர்கள். கைக்குக் கை என்ன மாறியது என்று அந்த நாட்டுச் சங்கங்கள் துருவிப் பார்க்கவில்லை.

ஆட்டங்களும் அந்தத் தரத்தைக் காட்டின. நடப்புச் சாம்பியன் பெல்ஜியத்தை ஸ்வீடன் 8-1 என்று கிழித்தது. ஹங்கேரி எகிப்திடம் 3-0 என்று மண்ணைக் கவ்வியது. ஸ்பெயின் ஒரு சுயகோலால் இத்தாலியிடம் வெளியேறியது. அந்த இத்தாலியை சுவிட்சர்லாந்து வீழ்த்தியது, அதற்கு முன் செக் அணியையும் மறு ஆட்டத்தில் வீழ்த்தியிருந்தது. இத்தனை தூரம் வருவோம் என்று சுவிஸ்காரர்களே எதிர்பார்க்கவில்லை. அவர்கள் கையிலிருந்த கூட்டு ரயில் டிக்கெட் பத்து நாளைக்குத்தான். பணம் தீர்ந்துபோக, சொந்த ஊர் விளையாட்டுப் பத்திரிகை ஒன்று வாசகரிடம் திரட்டி அனுப்பிய காசில் இறுதிப் போட்டி வரை தங்கினார்கள்.

உருகுவே கப்பலில் வந்து ஸ்பெயினில் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதையும் வென்றுவிட்டுத்தான் பாரிஸ் சேர்ந்தது. யூகோஸ்லாவியாவுடன் முதல் ஆட்டத்தின்போது பார்வையாளர் வரிசைகள் பெரும்பாலும் காலி. 7-0 என்று முடிந்ததும் செய்தி பரவியது. அமெரிக்காவை 3-0, பிரான்ஸை 5-1. கிட்டப் பிடித்துக் குட்டையாகப் பாஸ் கொடுத்து, ஓட்டத்தில் திசை மாற்றி ஆடும் அந்த ஆட்டம் ஐரோப்பியருக்குப் புதிது. வலது நடுக்களத்தில் ஆண்ட்ராடே. கறுப்பினத்தவர், பந்து காலில் இருக்கும்போது அவசரமே படாதவர், பாரிஸ் பத்திரிகைகளின் செல்லப்பிள்ளை ஆனார். முன்னால் பெட்ரோனே, ஸ்கரோனே, சேயா. பின்னால் கேப்டன் நசாஸி, பளிங்கு வெட்டும் தொழிலாளி. முன்னாள் பிரெஞ்சு ஆட்டக்காரரும் விமர்சகருமான காப்ரியேல் ஹனோ இந்த அணியைத்தான் தன் நாட்டவருக்குப் பாடமாகக் காட்டினார்.

அரையிறுதி மட்டும் சுத்தமாக முடியவில்லை. நெதர்லாந்து முதலில் கோல் அடித்தது, சேயா சமன் செய்தார், ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருக்க ஸ்கரோனே ஒரு பெனால்டியில் வென்றுகொடுத்தார். டச்சுக்காரர்கள் மனு கொடுத்தார்கள், நிராகரிக்கப்பட்டது. அடுத்து இறுதிப் போட்டிக்கு ஒரு டச்சு நடுவரை நியமித்ததும் உருகுவே எகிறியது. பிரெஞ்சு நடுவர் ஸ்லாவிக் வந்தார். குழு அறையின் நிழல் இங்கேயும் விழுகிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இறுதிப் போட்டி முழுதாக ஆடப்பட்டது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொலொம்ப் மைதானத்தில் உட்கார்ந்திருக்க, சுவிட்சர்லாந்து 3-0 என்று தோற்றது. ஐந்து ஆட்டம், அடித்தது இருபது, வாங்கியது இரண்டு.

இனி எதிர்த்தரப்பு. 1924இல் யார் வரவில்லை? முதல் உலகப் போரின் எதிரிகளோடு சேர்ந்து ஆடும் விஷயத்தில் 1920இல் முறைத்துக்கொண்டு ஃபிஃபாவை விட்டுப் போன பிரிட்டிஷ் சங்கங்கள் 1924இல் திரும்பி வந்தாலும், பாரிஸுக்கு அணி அனுப்பவில்லை. ஜெர்மனி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆஸ்திரியா இல்லை. இவற்றைவிட எனக்கு உறுத்துவது அர்ஜென்டினா வராதது. உருகுவே தங்கத்தோடு ஊர் திரும்பிய சூட்டிலேயே, 1924 அக்டோபர் 2ஆம் தேதி, பியூனஸ் அயர்ஸில் அர்ஜென்டினா அவர்களை 2-1 என்று வென்றது. கார்னரிலிருந்து ஒன்ஸாரி அடித்த பந்து யார் மேலும் படாமல் நேரே வலைக்குள் போனது அந்த ஆட்டத்தில்தான். பக்கத்து வீட்டுக்காரனை விட்டுவிட்டு உலகத்தை வென்றேன் என்றால் கேட்பவன் சிரிப்பானா மாட்டானா?

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1928 வருகிறது. ஆம்ஸ்டர்டாமில் அணிகள் பதினேழுதான், ஆனால் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து மட்டும் ஐந்து: உருகுவே, அர்ஜென்டினா, சிலி, மெக்சிகோ, அமெரிக்கா. அர்ஜென்டினா வந்த வேகம் மிரட்டுவது. அமெரிக்காவை 11-2, பெல்ஜியத்தை 6-3, எகிப்தை 6-0. டொமிங்கோ தரஸ்கோனி மட்டும் பதினொரு கோல். மறுபக்கம் உருகுவே போட்டி நடத்திய நெதர்லாந்தை அதன் மண்ணிலேயே 2-0 என்று வென்று, ஜெர்மனியை 4-1, அரையிறுதியில் இத்தாலியை 3-2 என்று தாண்டியது. ஜூன் 10 இறுதிப் போட்டி 1-1. மூன்று நாள் கழித்து மறு ஆட்டம்: ஃபிகெரோவா அடிக்க, அர்ஜென்டினாவின் மோன்டி சமன் செய்ய, ஸ்கரோனே முடித்துவைத்தார். 2-1.

1928இன் ஓட்டை வேறு இடத்தில். ஆஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா மூன்றும் அதற்குள் தொழில்முறைக்குப் போயிருந்தன. மூன்றும் வரவில்லை. ஸ்பெயினும் 1926இல் மாறியதால் ஸமோரா இல்லாத அணியை அனுப்பி, இத்தாலியிடம் மறு ஆட்டத்தில் 7-1 என்று உதை வாங்கியது. வேலைக்குப் போகாத நாட்களின் சம்பள இழப்பை ஆட்டக்காரருக்கு ஈடுகட்டலாமா என்ற தகராறில் பிரிட்டிஷ் சங்கங்கள் அந்த ஆண்டே மறுபடி வெளியேறின. ஐரோப்பாவைப் பொறுத்தவரை 1924ஐவிட இது மெலிந்த களம். இதை ஒப்புக்கொள்ளாமல் உருகுவேக்குச் சாதகமாகப் பேசுபவரை நம்ப வேண்டாம்.

ஆனால் மெலிந்த களம் மட்டமான களமா? இதற்கு ஆறு ஆண்டு கழித்து ஒரு சாட்சி கிடைக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் வெள்ளி வாங்கிய அர்ஜென்டினா அணியின் மோன்டியும் ஓர்சியும் இத்தாலிக்குக் குடிபெயர்ந்து 1934 உலகக் கோப்பையை இத்தாலிச் சட்டையில் வென்றார்கள். அந்த இத்தாலியின் கேப்டனும் கோல்கீப்பருமான கோம்பி, முன்கள ஆட்டக்காரர் ஸ்கியாவியோ இருவரும் 1928இல் வெண்கலம் வாங்கியவர்கள். 1928இல் உருகுவே தோற்கடித்தவர்கள் சில ஆண்டுகளில் உலகக் கோப்பை வென்றவர்கள். அமெச்சூர் போட்டிதானே என்று உதட்டைப் பிதுக்குவோருக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

பிரிட்டன் இல்லாத போட்டி உலகப் போட்டியா என்ற கேள்வி மட்டும் மிச்சம். இதை நான் எளிதாகத் தள்ளவில்லை. 1920களில் உலகின் மிகச் சிறந்த அணி எது என்றால், 1928 மார்ச்சில் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 5-1 என்று வென்ற ஸ்காட்லாந்தாகக்கூட இருக்கலாம். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இறங்கிய இங்கிலாந்தின் தேசிய அணி 1923இல் ஆண்ட்வெர்ப்பில் பெல்ஜியத்தோடு 2-2 என்று சமன் செய்தது, 1929இல் மாட்ரிட்டில் ஸ்பெயினிடம் 4-3 என்று தோற்றது. 1908இன் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி போய்விட்டிருந்தது. அதைவிட முக்கியம், இங்கிலாந்து இல்லாததால் ஒரு போட்டி செல்லாது என்றால் 1930, 1934, 1938 உலகக் கோப்பைகளும் செல்லாது. அவர்கள் முதலில் வந்தது 1950இல்.

இப்போது 1930ஐத் தராசின் அடுத்த தட்டில் வைப்போம். 1928 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் கூடிய ஃபிஃபா மாநாடு தனியாக ஒரு போட்டி நடத்தத் தீர்மானித்தது. மாண்டிவீடியோவுக்குக் கப்பல் ஏற ஐரோப்பாவில் ஒப்புக்கொண்டவை நான்கே நாடுகள்: பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா. இத்தாலி இல்லை, ஸ்பெயின் இல்லை, ஆஸ்திரியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து ஒன்றும் இல்லை. உருகுவே நான்கு ஆட்டம் ஆடி, சொந்த மண்ணில், இறுதியில் அர்ஜென்டினாவை 4-2 என்று வென்றது. யாரும் இந்தப் பட்டத்தைக் கேள்வி கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம். ஆனால் வந்த அணிகளின் வலுவைப் பார்த்தால் 1924 இதைவிடக் கனமான போட்டி. அந்நிய மண், ஐந்து ஆட்டம், ஐரோப்பாவின் பெரும்பகுதி எதிரில். நசாஸி, ஆண்ட்ராடே, ஸ்கரோனே, சேயா நால்வரும் மூன்று பட்டத்திலும் ஆடினார்கள். மூன்றாவதை மட்டும் உலகப் பட்டம் என்றும், முன்னதுகளை விளையாட்டுவிழாத் தங்கம் என்றும் பிரிப்பது ஃபிஃபாவின் நிர்வாக வசதி, கால்பந்து நியாயம் அல்ல.

யார் வந்தார்கள் என்பதை நான் இத்தனை கறாராகப் பார்ப்பதற்கு நம் நாட்டுக் காரணமும் உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்த, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற அந்த ஆட்டம் பெருமைக்குரியது, மறுக்கவில்லை. ஆனால் முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் வாக்ஓவர். பிறகு யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோல்வி. ஒரே வெற்றியில் கிடைத்த நான்காம் இடம் அது. அதற்கு நாம் கொடுக்கும் எடையை உருகுவேயின் ஐந்து வெற்றிகளுக்குக் கொடுக்க மறுத்தால் நம் தராசில்தான் கோளாறு.

தனித்தனியாக எடுத்தால் இரண்டிலும் ஓட்டை உண்டு. 1924இல் ஐரோப்பா இருந்தது, அர்ஜென்டினா இல்லை. 1928இல் அர்ஜென்டினா இருந்தது, மத்திய ஐரோப்பா இல்லை. இரண்டையும் ஒரே அணி, ஏறக்குறைய அதே முதுகெலும்போடு வென்றது. ஒன்றில் விட்டுப்போன எதிராளியை மற்றொன்றில் சந்தித்து வென்றது. இந்த இரண்டும் சேர்ந்து தரும் சான்று, 1930 தனியாகத் தரும் சான்றைவிட வலுவானது.

ஆகவே என் தீர்ப்பு: 1924, 1928 இரண்டும் உலகச் சாம்பியன்ஷிப்கள், இரண்டும் உலகக் கோப்பைகள் அல்ல. உருகுவே நான்கு முறை உலகச் சாம்பியன், இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற நாடு. நட்சத்திரம் சாம்பியனுக்கு என்றால் நான்கும் இருக்கட்டும். முன்தேதியிட்டு அங்கீகரிப்பது ஃபிஃபாவுக்குப் புதிதும் அல்ல. 2017 அக்டோபரில் கொல்கத்தாவில் கூடிய அதன் கவுன்சில், பழைய இன்டர்கான்டினென்டல் கோப்பையை வென்ற ஐரோப்பிய, தென்னமெரிக்க கிளப்புகளை உலகச் சாம்பியன்களாக ஏற்றுக்கொண்டது. கிளப்புகளுக்குக் கொடுத்ததை ஒரு நாட்டுக்கு மறுக்க என்ன காரணம் இருக்கிறது? கொடுக்கும்போது 1914 தீர்மானத்தை மட்டும் ஆதாரமாகக் காட்டாமல் இருக்க வேண்டும். காட்டினால் 1920க்காக பெல்ஜியம் வந்து கதவைத் தட்டும், நாற்பது நிமிடத்தில் நின்றுபோன ஓர் ஆட்டத்துக்கு நட்சத்திரம் கொடுக்க முடியாது.